முந்தி எழுந்த திட்டு

செப்டம்பர் 27

இன்று காலை என் கிணற்றில் துளை போட ஆரம்பித்தார்கள். என் கிணறு என்று எழுதும்போது கை கொஞ்சம் துள்ளுகிறது, துள்ளட்டும். இரண்டு வருடம் மீட்டிங் மீட்டிங்காகக் கத்தி வாங்கியது.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கடலுக்குள் மூன்று கால் ஊன்றி நிற்கும் துளைமேடை, ரிக். ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர். அதற்கும் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் எனக்கான வாயு இருக்கிறது. இருக்க வேண்டும்.

இந்தக் கடல் பகுதியில் எங்கள் கம்பெனி ஏற்கெனவே இரண்டு கிணறு தோண்டிவிட்டது. இரண்டும் ‘பெரிய மேடு’ என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் இடத்தில். கடலடிப் பாறைகள் அங்கே கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி வளைந்திருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால் எந்தப் புவியியல்காரருக்கும் நாக்கில் நீர் ஊறும். அதை வரைந்தவர் தாணு. எங்கள் ஆய்வுப் பிரிவின் தலைவர், என் வீட்டுக்காரர். ஆபீசில் அவர் எனக்கு மேலதிகாரி. வீட்டில் யார் மேலதிகாரி என்பது பதினேழு வருடமாக இழுபறியில் இருக்கிறது. அந்த இரண்டு கிணற்றிலும் உப்புத் தண்ணீர்தான் வந்தது.

நான் கேட்ட இடம் அதற்கு வடக்கே, ‘சின்னத் திட்டு’. ஒரு பக்கம் உடைந்து, மறுபக்கம் சப்பையாகி, பார்க்க லட்சணமே இல்லாதது. இதுவும் காய்ந்தால், அதாவது வாயு வராமல் போனால், கூட்டாளிக் கம்பெனி விலகிக்கொள்ளும். கடல் பகுதியை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்னை ஆய்வுப் பிரிவையே மூடிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் நான் அதிகப்பிரசங்கிதான்.

கடைசி மீட்டிங்கில் எல்லாரும் பேசினார்கள். தாணு ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எம்.டி. அவரை மட்டும் இருக்கச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தவர், “போ, துணிமணி எடுத்து வை. கிணறு கெடச்சாச்சு” என்றார். அவ்வளவுதான் வாழ்த்து. தோற்றவருக்கும் மனசு என்று ஒன்று இருக்குமே, நான் கண்டுகொள்ளவில்லை.

செப்டம்பர் 30

சேவியர் இந்த ரிக்கில் எங்கள் கம்பெனியின் பொறுப்பாளர். தூத்துக்குடிக்காரர். துளைப்பது, நிறுத்துவது, மூடுவது எல்லாம் அவர் சொல்லித்தான். இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தார்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். அம்மாம் பெரிய மேட்ட விட்டுட்டு இந்தப் பொடிப்பயலுக்கா இவ்வளவு பேரும் கடல்ல வந்து கெடக்கோம்?”

நான் சமையல் பொறுப்பாளர் பீர் முகமதுவிடம் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி இட்லி மாவு, மிச்சமிருந்த தோசை ஒன்று எல்லாம் கேட்டு வாங்கினேன். தட்டில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் தலையில் மாவை ஊற்றினேன். கிண்ணத்தின் உச்சியில் மாவு மெல்லிசாக ஒட்டி நின்றது. சுற்றிலும் தடிப்பாகத் தேங்கியது.

“இதான் சின்னத் திட்டு. அது மேல இருக்கற பழைய களிமண் இப்படித்தான் இருக்கு. உச்சியில மெல்லிசு, ஓரத்துல தடிப்பு. அப்படின்னா என்ன அர்த்தம்? அந்த மண்ணு படியும்போதே திட்டு அங்க இருந்திருக்கு.”

பிறகு தோசையைக் கையில் விரித்து அடியிலிருந்து முஷ்டியால் தள்ளினேன். தோசை மேடானது. “இது பெரிய மேடு. உச்சியிலயும் ஓரத்துலயும் ஒரே கனம். எல்லாம் படிஞ்சு முடிஞ்ச பிறகு கீழ இருந்து தள்ளினது.”

“சரி, எப்ப எழும்புனா என்ன மேடம்? இன்னைக்கு ரெண்டும் மேடுதான?”

“வாயு எப்ப கெளம்புச்சு, அதான் கேள்வி.” அவருக்குப் புரியும்படி சொன்னேன். அடி ஆழத்தில் ஒரு கறுப்புக் களிமண் இருக்கிறது. அழுகிய செடியும் கடல் பூச்சியும் புதைந்த மண். மேலே மேலே மண் சேரச் சேர அது ஆழத்துக்குப் போய்ச் சூடேறி, சுமார் நான்கு கோடி வருடத்துக்கு முன்னால் வாயுவை விட்டது. வாயு மணல் வழியாக மேலே ஏறும். வழியில் களிமண் கூரை போட்ட மேடு ஏதாவது இருந்தால் அதற்குள் தங்கும். இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும். அப்போது சின்னத் திட்டு தயாராக இருந்தது. பெரிய மேடு பிறக்கவே இல்லை. அது எழுந்தது இரண்டு கோடி வருடம் கழித்து.

சேவியர் தோசையைப் பார்த்தார். “பஸ்ஸு போன பெறவு ஸ்டாப்புல வந்து நிக்குத ஆளு.”

“அதேதான்.”

“இத சார்ட்ட சொன்னீங்களா?”

“ரெண்டு வருஷமா சொல்றேன்.”

“வீட்லயுமா?”

தோசையைச் சாப்பிட்டுவிட்டேன். பீர் முகமது வீணாய்ப் போன மாவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனார்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்திக்குக் கேசரி. மற்றபடி களிமண், களிமண், களிமண்.

அக்டோபர் 6

வீட்டுக்குப் பேசினேன். ஆதிரைக்கு அடுத்த வாரம் பரீட்சை. ப்ளஸ் ஒன் என்றால் படிக்க வேண்டாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அம்மா, அப்பா ஆபீஸ் புக்கையெல்லாம் பெட்டி பெட்டியா வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். ஹால்ல நடக்க எடமில்ல” என்றாள்.

நான் ஊரில் இல்லாதபோதுதான் இந்த மனிதருக்கு ஒழுங்கு செய்யும் ஆசை வரும். போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, “அந்தப் புத்தகத்துக்கெல்லாம் நம்ம வீட்ல எங்க எடம் இருக்கு?” என்று கேட்டேன். “பார்க்கலாம்” என்றார். “கிணறு எப்படி?” என்றார். “உங்களுக்குத்தான் தினமும் அறிக்கை வருதே” என்றேன். “வருது” என்றார். கிணற்றைப் பற்றிக் கணவன் மனைவி பேச்சு இவ்வளவுதான். எங்களுக்குள் மனஸ்தாபமெல்லாம் கிடையாது. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

அக்டோபர் 9

களிமண் வம்பு பண்ணுகிறது. தண்ணீர் பட்டால் ஊறி, பொலபொலவென்று துளையின் சுவரிலிருந்து உதிர்கிறது. சேவியர் இரண்டு நாளாக யாருடனும் சிரிக்கவில்லை.

ஜெயசீலனைப் பற்றி எழுத வேண்டும். கிணற்றிலிருந்து வெளியே வருவதையெல்லாம் அளந்து பதிவு செய்யும் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். துளையிடும்போது குழாய் வழியாகச் சேற்றைக் கீழே செலுத்துவார்கள். அது துளையின் அடிவரை போய், வெட்டிய கற்துகளையும் அங்கே இருந்த வாயுவையும் சுமந்துகொண்டு குழாய்க்கு வெளியே சுவரை ஒட்டி மேலேறி வரும். ஏறி வர நேரமாகும். ஆக, இப்போது சல்லடையில் நிற்கும் துகள் இப்போது வெட்டியதல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி வெட்டியது. எவ்வளவு முந்தி என்பதைச் சரியாகக் கணக்கிட்டால்தான் எந்தத் துகள் எந்த ஆழத்தினுடையது என்று தெரியும். அதைச் சொல்வது ஜெயசீலனின் கம்ப்யூட்டர்.

வழக்கமாக அந்த ஏறும் நேரத்தைக் கார்பைடு போட்டுச் சரிபார்ப்பார்கள். மாம்பழம் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகப் போடும் அதே கல்தான். காகிதத்தில் பொட்டலம் கட்டிக் குழாய்க்குள் போட்டால் சேற்றில் கரைந்து வாயுவாகித் திரும்பி வரும். எப்போது வருகிறது என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். டப்பாவை யாரோ சரியாக மூடாமல் விட, ஈரக்காற்று பட்டு எல்லாம் பூத்துப்போய்விட்டது. புதிது அடுத்த படகில்தான் வருமாம்.

“கவலையே படாதீங்க மேடம், கம்ப்யூட்டர் கணக்கு இருக்கே” என்றார். சரி என்று நானும் தலையாட்டினேன்.

அக்டோபர் 13

இன்றைக்கு என் மணல் வர வேண்டிய நாள்.

நான் குறித்துக் கொடுத்திருந்த ஆழத்தில், கிட்டத்தட்ட அதே இடத்தில், துளை திடீரென்று வேகமெடுத்தது. இறுகிய பாறையை விட மணலில் துளை வேகமாக இறங்கும். நான் கட்டுப்பாட்டு அறையில் துள்ளிக் குதித்ததாகச் சேவியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குதிக்கவில்லை, எழுந்து நின்றேன்.

ஜெயசீலன் சொன்ன நேரத்துக்குச் சல்லடைக்கு ஓடினேன். களிமண். கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தேன். களிமண். வாயு மீட்டர் படுத்தே கிடந்தது. வேகமாக இறங்கியது ஏதோ மெத்தென்ற களிமண்ணாக இருக்கும் என்று முடிவாயிற்று. அப்புறம் வெகுநேரம் கழித்து மீட்டர் கொஞ்சம் எழுந்தது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அது, துளை அந்த இடத்தைத் தாண்டிக் கீழே உள்ள களிமண்ணை வெட்டியபோது கிளம்பியது. களிமண்ணில் எப்போதும் கொஞ்சம் வாயு அடைபட்டிருக்கும், அதற்கு மதிப்பில்லை. அப்படியே அறிக்கையில் எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பிடவில்லை. பீர் முகமது அறை வாசலில் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நெத்திலி வறுவல். அதன் வாசனை கூட எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 15

எல்லாம் சேர்ந்து வருகிறது. கம்பியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் அளவுக் கருவி பாதியிலேயே களிமண் உதிர்ந்த இடத்தில் தட்டி நின்றுவிட்டது. அது கீழே போனால்தான் பாறைக்குள் இருப்பது தண்ணீரா வாயுவா என்று சொல்லும். மூன்று தடவை முயன்றார்கள். மேலே இழுத்தால் கருவி முழுக்க சேறு. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் உருவாகியிருப்பதாகச் செய்தி வேறு.

சென்னையோடு ஸ்பீக்கரில் பேசினோம். ஒரு பக்கம் எம்.டி., தாணு, கூட்டாளிக் கம்பெனியின் பம்பாய் பிரதிநிதி. இந்தப் பக்கம் நான், சேவியர், ஜெயசீலன். பிரதிநிதி இரண்டே வாக்கியம் பேசினார். மணலும் இல்லை, வாயுவும் இல்லை, கருவியும் இறங்கவில்லை. சிமெண்ட் போட்டு மூடிவிட்டுப் புயலுக்கு முன்னால் கிளம்புங்கள்.

யாரும் மறுக்கவில்லை. அப்போது தாணு வாயைத் திறந்தார். ஆபீஸ் பேச்சில் நான் அவருக்கு மேடம், அவர் எனக்கு சார்.

“மேடம், அந்த வாயு கீழ் களிமண்ணுலேர்ந்துதான் வந்ததுன்னு எப்படி நிச்சயம்? ஏறும் நேரத்தச் சரிபார்த்தீங்களா?”

“கார்பைடு இல்ல சார். கணக்குப்படி போட்டிருக்கோம்.”

“சுவர் இவ்வளவு உதிர்ந்திருக்கே. கணக்குல துளையோட அகலம் என்ன போட்டீங்க?”

“துளைக்கிற பிட்டோட அகலம்தான் சார்.”

“வேற எப்படியாவது சரிபார்க்க முடியுமா?”

“பார்க்கறேன் சார்.”

“மூடுறதுக்கு முன்னால எப்படியும் குழாய எறக்கித் துளையக் கழுவணும். அப்ப பாருங்க” என்று வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பம்பாய்க்காரர் முன்னால், என்னோடு வேலை செய்கிறவர்கள் முன்னால், என் அறிக்கையைச் சந்தேகப்படுகிறார். அவருடைய இரண்டு கிணறு காய்ந்தபோது நான் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். அது வேறு விஷயம்.

அக்டோபர் 16

காலையில் குளிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இது எனக்கே வந்தது, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். துளையின் சுவர் உதிர்ந்தால் துளை அகலமாகும். அகலமானால் சேறு மெதுவாகத்தான் ஏறும். அப்படியானால் ஜெயசீலனின் நேரம் தப்பு. அந்த வாயு பின்னால் வந்ததே தவிர, பின்னால் வெட்டிய பாறையிலிருந்து வந்ததல்ல.

கார்பைடு இல்லாவிட்டால் என்ன, அரிசி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குஜராத் பக்கத்துப் பழைய ரிக்குகளில் இப்படிச் செய்வார்கள். நேராகச் சமையலறைக்குப் போனேன்.

“பீர் அண்ணே, ரெண்டு படி புழுங்கலரிசி வேணும்.”

“ரெண்டு படியா? யாருக்கும்மா விருந்து?”

“கிணத்துக்கு.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேடத்துக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார். ஆனாலும் அளந்து கொடுத்தார். “பச்சரிசி வேணாமா? அது சின்னது, சுளுவா போவுமே.” வேண்டாம், அது உடைந்து மாவாகிவிடும் என்றேன். அதில் அவருக்குத் திருப்தி.

துளையைக் கழுவ இறக்கிய குழாய், மணலின் ஆழத்துக்குப் போயிருந்தது. மேலே குழாயின் இணைப்பைக் கழற்றியபோது அரிசியைத் துணியில் கட்டாமல் அப்படியே உள்ளே கொட்டினேன். சேவியர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“மூடப்போற கெணத்துக்கு வாய்க்கரிசி போடுதீங்களா மேடம்?”

“சாகலைன்னு பார்க்கத்தான் போடறேன். பம்ப்பைப் போடச் சொல்லுங்க.”

அரிசி கீழே போக ஆகும் நேரத்தில் தகராறு இல்லை, குழாயின் அகலம் தெரியும். அங்கிருந்து மேலே வர ஆகும் நேரம்தான் கேள்வி. சல்லடை முன்னால் நானும் ஜெயசீலனும் நின்றோம். கம்ப்யூட்டர் சொன்ன நேரம் வந்தது. சல்லடையில் சாம்பல் நிறச் சேறு குலுங்கியது. ஒரு பருக்கை இல்லை. ஜெயசீலன், “துளைக்கிற பிட்டுல மாட்டிருக்கும் மேடம்” என்றார். பத்து நிமிடம், இருபது நிமிடம். மற்ற ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பீர் முகமது கூட ஏப்ரனோடு வந்துவிட்டார். அவருடைய அரிசியல்லவா.

முதல் பருக்கை வந்தபோது யாரும் சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன். கூழில் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் ஐந்தாறு. அப்புறம் சல்லடை முழுக்க. கம்ப்யூட்டர் கணக்கை விட அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

ஜெயசீலன் உள்ளே ஓடினார். பதின்மூன்றாம் தேதிக் கணக்கை இந்தப் புது நேரத்தில் திரும்பப் போட்டோம். மீட்டர் எழுந்த அந்த வாயு, துளை வேகமெடுத்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. என் மணலில். மணல் துகள் ஏன் சல்லடையில் நிற்கவில்லை என்று சேற்றுத் தொட்டியின் அடியைத் துழாவச் சொன்னேன். மாவு போன்ற பொடி மணல் கை நிறைய வந்தது. சல்லடைக் கண் வழியாகவே நழுவிப் போயிருக்கிறது, திருட்டுப் பயல்.

ஜெயசீலன் முகம் சின்னதாகிவிட்டது. “என் தப்பு மேடம்” என்றார். “கையெழுத்து என்னுதும் இருக்கு, வாங்க டீ சாப்பிடலாம்” என்றேன். இன்றைக்கு நான் ரொம்ப நல்லவள்.

அக்டோபர் 17

மறுபடி ஸ்பீக்கர். நான் அரிசிக் கதையைச் சொன்னேன். பம்பாய்க்காரர் சிரித்தார். பிறகு, இதெல்லாம் ஊகம்தானே, புயல் வரும் நேரத்தில் மறுபடி துளையைச் சரிசெய்து கருவி இறக்குவது வீண் செலவு என்றார்.

தாணு என்னைப் போட்டுக் குடைய ஆரம்பித்தார். “அரிசி கனம், மிதக்காது, அதனால மெதுவா ஏறியிருக்கலாம் இல்லையா?” அதற்கு நான், அரிசி சேற்றோடு சேர்ந்துதான் ஏறும், கொஞ்சம் பிந்தினாலும் அரை மணி பிந்தாது, துளை அகலமானதால்தான் என்றேன். “துளை அகலமானதுக்கு வேற சாட்சி?” அளவுக் கருவி தட்டி நின்ற இடமே சாட்சி என்றேன். “மணலே இல்லைன்னு எழுதியிருந்தீங்களே?” தொட்டியிலிருந்து எடுத்த மணல் என் கையில் இருக்கிறது என்றேன். “திட்டு வாயுவுக்கு முந்தி எழுந்ததுன்னு எத வெச்சுச் சொல்றீங்க?” இரண்டு வருடமாகச் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன், பெரிய மேடு பிந்தி எழுந்தது என்பது உட்பட. அதைச் சொல்லும்போது குரலை வேண்டுமென்றே உயர்த்தினேன்.

பம்பாய்க்காரர் கேட்க ஒரு கேள்வியும் மிச்சமில்லை. எம்.டி., “ஒரு தடவை இறக்கிப் பாருங்க” என்றார்.

எப்படிக் கேட்டார் பார்த்தீர்களா என்று சேவியரிடம் பொரிந்தேன். எதிரி வக்கீல் கூட இப்படிக் கேட்கமாட்டான், வீட்டுக்குப் போனதும் வைத்துக்கொள்கிறேன் என்றேன். சேவியர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“மேடம், நெசமாவே உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கெணத்துக்கு எம்.டி. ஒத்துக்கிடவே இல்ல. இது காஞ்சா நான் வேலைய விட்டுப் போயிடுதேன்னு சார் சொன்ன பெறவுதான் சரின்னாரு. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமே.”

அக்டோபர் 18

கடல் கொந்தளிப்பு. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20

காற்றழுத்தம் வடக்கே திரும்பிப் போயிற்று. சேவியர் இரண்டு நாள் துளையைக் கழுவிக் கழுவிச் செப்பனிட்டார். பதினெட்டாம் தேதி ஏன் அவ்வளவோடு நிறுத்தினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அழுதுகொண்டிருந்தேன், வேறென்ன. பெட்டி பெட்டியாகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவரிடம் எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டவள் நான்.

இன்று கருவி அடிவரை போனது. மேலே இழுக்க இழுக்கத் திரையில் இரண்டு கோடு வரைந்துகொண்டே வந்தது. கீழ்க் களிமண், ஒன்றுமில்லை. என் மணலுக்கு வந்ததும் இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விலகின. தண்ணீரில் அப்படி விலகாது. வாயுவில்தான் விலகும். இருபத்தெட்டு மீட்டர் கனத்துக்கு விலகியே நின்றன. கருவியை இயக்கிய பையன்கள் கை தட்டினார்கள். இந்தத் தடவை குதித்தேன், சேவியர் சொல்லிக்கொள்ளட்டும்.

அக்டோபர் 26

கிணற்றைத் திறந்து சோதித்தோம்.

மேடையின் ஓரத்திலிருந்து கடலுக்கு மேலே நீட்டிய குழாயின் நுனியில் தீ வைத்துக் காத்திருந்தோம். முதலில் சேறு துப்பியது. பிறகு தண்ணீர். பிறகு ஓர் இருமல், அப்புறம் ஒரு சீறல், அப்புறம் காதைப் பொத்திக்கொள்ள வைத்த இரைச்சல். மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தீ நட்ட நடுப்பகலில் கடல் மேல் படுத்துக்கொண்டு எரிந்தது. முகத்தில் அனல் அடித்தது. சேவியர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெயசீலன் என் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார். நாலு கோடி வருடம் அந்த லட்சணமில்லாத திட்டுக்குள் அடங்கிக் கிடந்த வாயு, நான் சொன்ன இடத்திலிருந்து, நான் சொன்ன காரணத்துக்காக வந்தது. சந்தோஷத்தில் ஏதோ கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

பீர் முகமது இன்று எல்லாருக்கும் பிரியாணி போட்டார். எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

அக்டோபர் 27

ஸ்பீக்கர். பம்பாய்க்காரர் இன்று வாக்கியம் வாக்கியமாகப் பேசினார். எம்.டி., “தாணு, வாழ்த்துகள். நீங்க இனிமே எங்கயும் போக வேண்டாம்” என்று சிரித்தார். தாணு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பிரிவின் தலைவருக்குத்தான் பெயர் போகும், அதுதான் வழக்கம்.

“ஒண்ணு பதிவு பண்ணிக்கங்க” என்றார் தாணு. “நான் ரெண்டு கிணறு வெட்டினேன். இன்னைக்கு எங்க ஒசரமா இருக்குன்னு மட்டும் பார்த்தேன், அது எப்ப ஒசந்ததுன்னு பார்க்கல. அது என் தப்பு. இந்தக் கிணறு முழுக்க கோமதியோடது. என் பேரு இதுல எங்கயும் வரக்கூடாது.”

இரண்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம். காதில் விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், “சார், லைன் சரியா இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 2

வீட்டுக்கு வந்தேன். ஆதிரை கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிசிக்சில் குறைந்துபோனதை அந்தச் சந்தோஷத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். சாமர்த்தியக்காரி.

தாணு காபி போட்டார். சர்க்கரை அதிகம். முழுக்கக் குடித்தேன். பிறகு கேட்டேன்.

“அன்னைக்கு அத்தன கேள்வியும் எனக்காகத்தான் கேட்டீங்களா?”

“எந்தக் கேள்வி?” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், காது சிவந்துவிட்டது.

“காஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“காயாதுன்னு தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

டம்ளரைக் கீழே வைத்தார். “நீ சொன்னது சரின்னு எனக்கு ஒரு வருஷமாவே தெரியும் கோமு. தனியா உக்காந்து திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். என் மேடு பிந்தித்தான் எழும்பியிருக்கு. உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல்ல. அதான் எம்.டி.கிட்ட சொன்னேன்.”

ஒரு வருடம். நான் கத்திய கத்தலில் பாதி மிச்சமாகியிருக்கும். ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவரோடு இன்னும் பதினேழு வருடம் சண்டை போடலாம் என்றுதான் தோன்றியது. அதை அப்படியே சொன்னேன். சிரித்தார்.

சாயங்காலம் கூடத்தில் வரைபடத்தை விரித்துவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“கோமு, ஒரு சந்தேகம். என் மேடு எழும்புறதுக்கு முந்தி அந்த வழியாப் போன வாயு எல்லாம் எங்க போயிருக்கும்?”

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் இந்த மனிதர் என்னிடம் சந்தேகம் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மணல் மேற்கே சரிந்து ஏறுகிறது, வாயு அந்தப் பக்கம்தான் போயிருக்க வேண்டும். கரையை ஒட்டி ஓரிடத்தில் கோடுகள் லேசாக வளைந்திருந்தன. இத்தனை நாளாக யாரும் திரும்பிப் பார்க்காத வளைவு. அதன் மேல் விரலை வைத்தேன்.

“இது எப்ப எழும்பிச்சு?” என்று கேட்டேன்.

பென்சிலை என் கையில் கொடுத்தார். “நீ சொல்லு” என்றார்.